கோடியக்கரையில் பறவைகளை எப்படி எண்ணுகிறார்கள், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் "கோடியக்கரையில் இத்தனை ஆயிரம் பறவைகள்" என்று செய்தி வருகிறது. ஒரு வருஷம் கூடிவிட்டது என்கிறார்கள், அடுத்த வருஷம் குறைந்துவிட்டது என்கிறார்கள். பறக்கிற பறவையை யார், எப்படி எண்ணுகிறார்கள்? எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? உண்மையில் குறைகிறதா, இல்லையா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், குறைகிறது. எல்லா இனமும் அல்ல, குறிப்பாகச் சின்ன உள்ளான்கள், அதாவது சேற்றிலும் கரையோரத்திலும் இரை தேடும் கரைப்பறவைகள். ஆனால் "போன வருஷத்தைவிட இந்த வருஷம் குறைவு" என்ற செய்தியை வைத்து அதைச் சொல்ல முடியாது. நாளிதழில் வருகிற மொத்த எண்ணிக்கைதான் அந்தக் கணக்கெடுப்பிலேயே மிகக் குறைவாகப் பயன்படுகிற எண். பூநாரையையும் கொசு உள்ளானையும் நீர்க்காகத்தையும் ஒன்றாகக் கூட்டி வருகிற தொகையை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இனம், எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர் நின்றபோது, எத்தனை என்று பிரித்து, அதையே பல வருஷம் ஒரே மாதிரி செய்தால்தான் கணக்குக்கு அர்த்தம் வரும்.

இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனையில் கோடியக்கரை இருக்கிறது. அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை, 40 கிலோமீட்டருக்கு மேல், பெரிய வேதாரண்யம் சதுப்பு நீண்டு கிடக்கிறது. 1967இல் சரணாலயம் ஆனது. அப்போது மனத்தில் இருந்தது பறவையைவிட வெளிமான்தான். 2002இல் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் வந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளம் இதுதான். அதன்பின் இருபது வருஷம் இது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பதிவில் 257 பறவை இனங்கள், அவற்றில் 119 நீர்ப்பறவைகள், சுமார் 30,000 பூநாரைகள் என்று இருக்கிறது.

இவ்வளவு பரப்பை எப்படி எண்ணுவது? முழுதாக எண்ண முடியாது. சதுப்பின் நடுப்பகுதிக்குப் பாதி வருஷம் போகவே முடியாது, சேறு இடுப்பு வரை இழுக்கும். அதனால் வருஷா வருஷம் அதே இடங்களுக்குப் போகிறார்கள். பம்ப் ஹவுஸ் பக்கம், சிறுதலைக்காடு, முனியப்பன் ஏரி, உப்பளங்களின் நீர்த்தேக்கங்கள் என்று குழு குழுவாகப் பிரிந்து, ஒரே காலையில் எண்ணுவார்கள். வனத்துறைதான் ஏற்பாடு செய்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள், கல்லூரி மாணவர்கள், எங்களைப் போன்ற ஆர்வலர்கள் கூடப் போவோம். ஜனவரி ஏன்? வலசை வந்த பறவை ஊரில் நிலைத்து நிற்கிற மாதம் அது. வருவதும் போவதும் அப்போதுதான் குறைவு. உலக அளவில் 1967இலிருந்து நடுக்குளிர்காலக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதன் ஆசியப் பகுதி 1987இல் தொடங்கியது.

நடைமுறை இதுதான். சூரியன் ஏறுவதற்கு முன் உப்பளக் கரையில் முக்காலியை நிறுத்தி, ஸ்கோப்பை, அதாவது தூரத்துப் பறவையைப் பார்க்கிற தொலைநோக்கியை, பொருத்திவிட வேண்டும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஒன்பது ஒன்பதரைக்கு மேல் உப்பு நிலத்தில் கானல் ஆடத் தொடங்கிவிடும். அப்புறம் இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்பது பட்டாணி உள்ளானா மண்கட்டியா என்றே சொல்ல முடியாது. ஆக, கையில் இருப்பது மூன்று மணி நேரம்.

சில நூறு வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆயிரக்கணக்கில் நின்றால், முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து ஸ்கோப்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்வோம். அதைப் போலப் பத்துத் துண்டு சேர்ந்தால் நூறு. அந்த நூறு அகலத்தை வைத்துக் கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அளந்துகொண்டே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடிந்த பிறகே ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவர் எண் அடுத்தவர் வாயில் வந்துவிடும், மனித இயல்பு அது. பெரிய கூட்டத்தைப் பெரும்பாலானவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று வெளியில் ஒரு சந்தேகம் உண்டு, நடப்பது நேர்மாறு.

எண்ணிக்கையைவிடக் கடினம், இனம் பிரிப்பது. கலப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு இனமும் தன் கால் நீளத்துக்கு ஏற்ற இடத்தில்தான் நிற்கும். கொசு உள்ளானின் கால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், அது தண்ணீரின் விளிம்பில் ஓடும். வளைமூக்கு உள்ளான் கொஞ்சம் உள்ளே, வயிறு நனைகிற ஆழம் வரை இறங்கும். பட்டாணி உள்ளான் ஈரச் சேற்றில் ஓடி நின்று, ஓடி நின்று கொத்தும். நெடுங்கால் உள்ளானும் மூக்கனும் இன்னும் ஆழத்தில் நிற்கும். இதை மறந்து, முன்னால் தெரிகிற ஓரத்தை மட்டும் பார்த்து "எழுபது சதவீதம் கொசு உள்ளான்" என்று எழுதினால் மொத்தக் கணக்கும் பிசகும். அதனால் கூட்டத்தின் பல இடங்களில் ஸ்கோப்பை நிறுத்தி, அங்கங்கே விகிதம் எடுத்து, பிறகு மொத்தத்தின் மேல் போட வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு பங்கு, "இனம் தெரியாத உள்ளான்" என்ற கட்டத்தில் போய் விழும். ஒரு குழுவின் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நடுவில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்தோ வல்லூறோ வந்தால், முடிந்தது கதை. மொத்தமும் எழும்பி, சுற்றி, அடுத்த குழு எண்ணுகிற உப்பளப் பாத்தியில் போய் இறங்கும். எழும்பிய நேரம், போன திசை இரண்டையும் குறித்து வைத்தால்தான் இரட்டைக் கணக்கு வராமல் பிறகு கழிக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் ஜனவரியில் சதுப்பு நிறைந்து நிற்கும். நமக்குப் பார்க்க அழகு, வாத்துக்கும் பூநாரைக்கும் கொண்டாட்டம். ஆனால் சின்ன உள்ளானுக்கு இரை எடுக்க இடமே இருக்காது. அது வேறு கரைக்குப் போய்விடும். மழை குறைந்த வருஷம் சேற்றுப்பரப்பு சீக்கிரம் வெளிவந்து, உள்ளான்கள் குவியும். இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் பெரிதாகக் கிடையாது. இவ்வளவு தட்டையான நிலத்தில் காற்று திசை மாறினாலே போதும், மெல்லிய தண்ணீர்ப் பரப்பு பல நூறு மீட்டர் நகர்ந்துவிடும். திங்கட்கிழமை பறவை நின்ற இடம் புதன்கிழமை முழங்கால் தண்ணீர். ஆக, நீர்மட்டத்தைக் குறிக்காத எண்ணிக்கைத் தாள் அரைத் தாள்தான். நல்ல குழுவினர் ஒரு அளவுகோலைச் சேற்றில் ஊன்றி ஆழம் எடுப்பார்கள், உப்புத்தன்மை எடுப்பார்கள், சேற்றை ஒரு குழாயால் குத்தியெடுத்துச் சலித்து அதில் எத்தனை புழு, எத்தனை பூச்சிப்புழு என்று எண்ணுவார்கள். படம் எடுக்க யாரும் வராத வேலை அது. கணக்கெடுப்பில் பாதி மதிப்பு அந்தச் சல்லடையில்தான் இருக்கிறது என்பேன்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை உங்கள் ஊர்ப் பக்கமே கரை கடந்தது. இரண்டு மாதம் கழித்து எடுத்த ஜனவரிக் கணக்கை அதற்கு முந்தின வருஷத்தோடு நேராக ஒப்பிட்டால் அது புயலின் கணக்கு, பறவையினத்தின் கணக்கு ஆகாது. இப்படி ஒரு தனி வருஷம் எப்போதும் ஏதோ ஒன்றால் கெட்டுப்போயிருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தால்தான் கெட்ட வருஷங்களைத் தாண்டி ஒரு போக்கு தெரியும்.

இன்னொன்று, ஜனவரியில் நிற்பது மட்டும் கோடியக்கரையின் பறவை அல்ல. ஆகஸ்டிலேயே முதல் உள்ளான்கள் வந்து சேர்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் வருகிறவற்றில் ஒரு பங்கு சில நாள் தங்கி, இரை எடுத்து, இலங்கைக்குப் போய்விடும். மார்ச்சில் அதே வழியாகத் திரும்பும். ஒரே நாளில் பத்தாயிரம் நின்றால், அந்தப் பருவத்தில் இந்த இடத்தைப் பயன்படுத்தியவை அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். மாதா மாதம் எண்ணினால் ஓரளவு பிடிபடும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும், அதனால் தொடர்ச்சியாக நடப்பதில்லை.

சரி, எங்கிருந்து வருகின்றன என்பது எப்படித் தெரியும்? பறவையின் காலில் மாட்டுகிற வளையம்தான். இதன் தொடக்கமே வேடிக்கையானது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்தன, மனிதருக்கும் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் ரஷ்யாவில் உண்ணியால் பரவுகிற ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்று சந்தேகம். அதை ஆராய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலி முன்னின்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளுக்குப் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. அந்தச் சந்தேகம் நிரூபணமாகவில்லை, ஆனால் நாட்டுக்கு ஒரு வலசை ஆய்வு கிடைத்தது. கோடியக்கரை அதன் முக்கிய மையங்களில் ஒன்று ஆனது. கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிட்டவர். பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடிக்கும் மிர்ஷிகார் சமூகத்தின் அலி உசேன் போன்றவர்கள் பிடிக்கும் கலையை இந்தப் பணிக்குக் கொண்டுவந்தார்கள். வேட்டைக்குப் பயன்பட்ட கைத்திறன், ஆய்வுக்குத் திரும்பியது.

நிலா இல்லாத இரவில், பறவை இறங்கும் பாதையில் மெல்லிய வலையைக் கட்டுவார்கள். சிக்கியதும் எடுத்துத் துணிப்பையில் போட்டு, கூடாரத்துக்குக் கொண்டுவந்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டி, அலகு நீளம், இறக்கை நீளம், எடை, இறகு உதிர்ந்து முளைக்கிற நிலை எல்லாம் எழுதி விட்டுவிடுவார்கள். வளையத்தில் கழகத்துக்குத் தகவல் சொல்லும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சின்ன உள்ளான்களில் வளையமிட்ட பறவை தொலைவில் திரும்பக் கிடைப்பது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அதனால்தான் பிற்காலத்தில் காலில் வண்ணக் கொடி கட்டத் தொடங்கினார்கள். பிடிக்காமலே ஸ்கோப்பில் பார்த்து எந்த நாட்டில் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

இப்படித்தான் வழிகள் தெரியவந்தன. வளைமூக்கு உள்ளான் கூடு கட்டுவது சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திரத்தில். அங்கிருந்து இங்கே 7,000 கிலோமீட்டருக்கு மேல், பறவையின் எடையோ அறுபது கிராமுக்குள். நம் சேற்றில் ஓடும் சின்னப் பட்டாணி உள்ளான்கள் இமயமலைக்கு அப்பால் திபெத் பீடபூமிப் பக்கம் பெருகுகிறவை. பூநாரை இந்தியாவிலேயே குஜராத்தின் கச்சு ரண் பகுதியில் பெரும் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. ஈரானின் உருமியா ஏரியில் வளையமிட்ட பூநாரைகளும் இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான்கூட 1980களில் இங்கே பதிவானது. ஆயிரக்கணக்கான கொசு உள்ளானுக்கு நடுவில் அதை ஸ்கோப்பில் கண்டுபிடிப்பது என்றால், சந்தைக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுகிற கதைதான்.

வளையமிடுதலில் எனக்கு மிகவும் பிடித்தது தூர விவரம் அல்ல, வயது விவரம். பிடித்த வளைமூக்கு உள்ளானின் இறக்கையை விரித்துப் பார்த்தால், முதல் வருஷக் குஞ்சா பெரியதா என்று சொல்லலாம். குஞ்சின் சிறகுகளில் வெளிர்ந்த விளிம்பு செதில் மாதிரி இன்னும் ஒட்டியிருக்கும், பெரியதற்கு இருக்காது. ஒரு குளிர்காலத்தில் பிடித்ததில் குஞ்சு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டால், அந்த வருஷம் ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் எப்படி என்று தெரிந்துவிடும். அங்கே லெம்மிங் என்று ஒரு எலி உண்டு. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் கொட்டும், பிறகு சட்டென்று குறைந்துவிடும். பெருகின வருஷம் ஆர்க்டிக் நரி எலியைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். எலி இல்லாத வருஷம் அதே நரி உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும். அந்த வருஷம் தெற்கே வருகிற கூட்டத்தில் குஞ்சே இருக்காது. கோடியக்கரைச் சேற்றில் ஒரு ஜனவரி எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் சைபீரிய எலியாகக்கூட இருக்கலாம். வெறும் எண்ணிக்கை இதை ஒருநாளும் சொல்லாது.

எடையும் அப்படித்தான். மார்ச்சில் கிளம்புமுன் பறவை கொழுப்பை ஏற்றும். எடை கால்வாசிக்கு மேல் கூடுவது சாதாரணம். சேற்றில் இரை இல்லையென்றால் மெலிந்த உடம்போடு கிளம்பும், அல்லது தாமதமாகக் கிளம்பும். இரண்டுமே அடுத்த கூட்டைப் பாதிக்கும்.

அப்படியானால் ஏன் குறைகின்றன? இங்கேதான் பல இடத்துக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இனம் கோடியக்கரையில் குறைந்து, பழவேற்காட்டிலும் இலங்கையின் மன்னாரிலும் அப்படியே இருந்தால், கோளாறு நம் வாசலில். எல்லா இடத்திலும் ஒன்றாகக் குறைந்தால், கோளாறு கூடு கட்டும் இடத்தில் அல்லது வழியில். வளைமூக்கு உள்ளான் இரண்டாவது வகை. 2024 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ஒரு படி மேலே ஏற்றி, அழியும் அபாயம் உள்ள இனங்களில் சேர்த்தது. சாம்பல் பட்டாணி உள்ளான் கவலையில்லாத பட்டியலிலிருந்து நேராக அங்கே போனது. பல நாட்டுக் கணக்கெடுப்புத் தாள்களை அடுக்கிப் பார்த்து எடுத்த முடிவு அது. நம் ஊர் ஜனவரிக் காலைகளும் அந்த மாதிரித் தாள்களாகத்தான் முடிகின்றன.

ஆனால் எல்லாவற்றையும் ஆர்க்டிக் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. 1980களில் கோடியக்கரையில் ஆய்வு செய்தவர்கள் பார்த்த கொசு உள்ளான் கூட்டங்கள் இப்போது இல்லை. காவிரிக் கடைமடைக்கு வருகிற நன்னீர் குறைந்தது, உப்பளங்கள் விரிந்து உப்புத்தன்மை மாறியது, சீமைக் கருவேலம் விளிம்புகளைப் பிடித்தது, இவையெல்லாம் இங்கேயே நடந்தவை. உப்பளத்தை ஒரேயடியாக எதிரி என்று சொல்லவும் நான் தயாரில்லை. ஆழம் குறைந்த பாத்தியில் பூநாரையும் ஆலாவும் நிறைய நிற்கின்றன. உப்பு மிகவும் ஏறி, புழு பூச்சி செத்துப்போன பாத்தியில் எதுவும் நிற்பதில்லை. எந்தப் பாத்தியில் எவ்வளவு உப்பு என்ற அளவும் பறவைக் கணக்கும் சேர்ந்து வந்தால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

இலங்கையைச் சொன்னேன் அல்லவா? கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை உள்ளானுக்கு ஒரு மணி நேரப் பறப்பு, அவ்வளவுதான். ஒரே கூட்டம் இன்று இங்கே, நாளை அங்கே. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்ய ஆர்க்டிக் வரை போனதை வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள். கருவி பறவையின் எடையில் மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வழக்கம். கடற்காகம் தாங்கும், இருபத்தைந்து கிராம் கொசு உள்ளானுக்கு முக்கால் கிராம்தான் கணக்கு. அதனால் சின்னப் பறவைக்கு இன்னும் வளையமும் கொடியும்தான் கதி. எண்ணிக்கையாவது இரு கரையிலும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே மாதத்தில் நடந்தால் போதாது.

அங்கேயே இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வெளியூரிலிருந்து வருகிற எங்களுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு உண்டு. பொது ஆட்கள் போகக்கூடிய ஒரு கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, அதே இடம், அதே நேரம், ஒரு மணி நேரம். இனம் தெரிந்ததை மட்டும் பெயரிட்டு, மற்றதைத் தெரியாதது என்றே எழுதுங்கள். தண்ணீர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேருங்கள். எதுவும் இல்லாத நாளையும் "இல்லை" என்று பதிவு செய்யுங்கள். பலர் அந்த நாளை விட்டுவிடுவதால்தான் குறைவு வெளியே தெரியாமல் போகிறது. பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கிற இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது, அப்படிப் பொதுமக்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான்.

வண்ணக் கொடியோடு பறவை தெரிந்தால், எந்தக் கால், மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று குறித்து, தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய்க் கிளப்ப வேண்டாம். செத்துக் கிடக்கிற பறவையின் காலில் வளையம் இருந்தால், வெறும் கையால் தொடாமல், எண்ணைப் படம் எடுத்துக் கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். கிடைத்த இடமும் தேதியும் அதோடு போக வேண்டும்.